பாட்டாக வந்த முறையீடு

நூல் நூற்றுப் பிழைத்த ஒரு பெண்மணியின் வரலாற்றை நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். எல்லா மே விக்கின்ஸ் என்பது அவர் பெயர்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், பெஸ்ஸெமர் சிட்டி என்னும் ஊரின் ஆலையொன்றில் அவர் வேலை பார்த்தார். வாரத்தில் 6 நாள், நாளொன்றுக்கு 12 மணி நேர உழைப்பு. கூலியோ வாரத்துக்கு ஏறக்குறைய 9 டாலர். 9 குழந்தைகளைப் பெற்றவர். அவர்களைக் கக்குவான் இருமல் பீடித்தபோது, இரவு முறையிலிருந்து பகல் முறைக்கு மாற்றும்படி மேலதிகாரியை வேண்டினார். அவர் மறுத்துவிட்டார். 4 குழந்தைகள் மாண்டன.

1929 ஏப்ரலில் அண்டை நகரான காஸ்டோனியாவின் லோரே ஆலையில் வேலைநிறுத்தம் மூண்டது. வாரம் 40 மணி நேர வேலை, 20 டாலர் கூலி, தொழிற்சங்க அங்கீகாரம் ஆகியவை முக்கியக் கோரிக்கைகள். விக்கின்ஸ் அச்சங்கத்தில் சேர்ந்தார். ஊரார் முன்பே அறிந்த மெட்டுகளில் தம் துயரத்தைச் சொற்களாக அமைத்துக் கூட்டங்களில் பாடினார். மெட்டு பழகியதாகையால் சொற்கள் விரைவில் நெஞ்சில் பதிந்தன. கறுப்பினத் தொழிலாளரையும் சங்கத்தில் சேர்க்கப் பாடுபட்டார். நிறபேதம் ஆட்சி செய்த நாட்டில் அது எளிய செயலன்று.

1929 செப்டம்பர் 14 அன்று, கூட்டத்துக்கு லாரியில் சென்ற அவரை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அவருக்கு 30 வயதுகூட நிரம்பவில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட ஐவரும் 1930-ல் விடுதலையாயினர். எஞ்சிய 5 குழந்தைகள் அநாதை இல்லம் சேர்ந்தனர். வேலைநிறுத்தமும் தோற்றது. அவர் பாட்டோ அவரது அடக்கத்தின்போதே பாடப்பெற்றது. பின்னாளில் பீட் சீகர் போன்ற பாடகர்களும் அதைப் பாடினர்.

பாட்டினால் கூலி உயரவில்லையே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். பாட்டு ஆட்களைத் திரட்டும். காரியத்தை முடிப்பது அமைப்பின் வேலை. ஆனால் நாம் சிந்திக்கவேண்டியது வேறொன்று. அந்தத் தாய் முதலில் பாடவில்லை, கேட்டார். கேட்டதற்குச் செவி கிடைக்காமற் போனதே பாட்டாயிற்று.

கூட்டுறவில் நாமே உழைப்பாளிகள், நாமே உடைமையாளர்கள். ஆயினும் பொதுச் சபையில் கூலி பட்டுவாடாவைப் பற்றிக் கேட்க எழும் நெசவாளிப் பெண்ணை, நேரமில்லை என்று அமரச் செய்ததில்லையா? கடனுக்காக வந்த விவசாயியின் மனு மேஜைமீது நாட்கணக்கில் கிடந்ததில்லையா? முறையீடு மனுவாக இருக்கும்போதே அதைத் தீர்ப்பது நிர்வாகக் குழுவின் கடமை. அது பாட்டாக வரும்வரை காத்திருப்பது நம் சங்கங்களுக்குப் பெருமையாகாது.