கண்ணுக்குள்ளே ஒரு 'டி'

பி.காம். படித்த பாவத்துக்கு, மச்சான் கடைக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். ஒருநாள் லெட்ஜரில் கோடெல்லாம் நெளிந்திருந்தது. "மட்டமான நோட்டு வாங்கிட்டீங்களே மச்சான்!" என்று எகிறினேன். அப்புறம் இடது கண்ணை மூடிப் பார்த்தால் கோடு நேர். வலதை மூடினால் நெளிகிறது. நோட்டு நிரபராதி!

அதற்கு முன் மூன்று வாரமாக வலி. கண்ணுக்குப் பின்னால் யாரோ திருகாணி முடுக்குகிற மாதிரி. கண்ணை உருட்டினால் உயிர் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடும். ஆனால் கண் சிவக்கவே இல்லை. அதனால் ஒரு பயல் நம்பவில்லை. 'ஒற்றைத் தலைவலி சார்' என்று மெடிக்கல் ஷாப்காரர் தந்ததை விழுங்கிக்கொண்டிருந்தேன். (நீங்கள் செய்யாதீர்கள்.)

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "அல்ட்ரா சவுண்ட் எடுத்துடலாம்" என்றார்.

அம்மாவுக்கு போன் செய்தேன். "ஸ்கேனா? அது மாசமா இருக்கறவங்களுக்கு இல்லடா எடுப்பாங்க?"

நியாயமான சந்தேகம்! டாக்டரிடமே கேட்டேன்.

"விளக்கடிச்சா சுவத்தோட பூச்சுதான் சார் தெரியும். சுவத்துக்குள்ள ஈரம் ஊறியிருக்கான்னு தட்டித்தானே பாக்கணும்?"

தட்டுவது ஒலியால். நம் காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுதான் எல்லை. இது சுமார் 1 கோடி! அழற்சியில் கண்ணுக்குள் கலங்கி வெளிச்சம் நுழையாவிட்டாலும் ஒலி போய்த் திரும்பும். 1956-லேயே அமெரிக்காவில் முண்ட், ஹியூஸ் என்ற இருவர் கண்ணில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள்.

மூடிய இமைமேல் ஜில்லென்று ஜெல். மார்க்கர் பேனா மாதிரி ஒன்றை வைத்து, "மேல பாருங்க, கீழ பாருங்க" என்றார்கள். வலிக்கவில்லை. திரையில் கறுப்பாக ஓர் உருண்டை. அதன் பின்சுவர் தடித்திருந்தது. சுவருக்குப் பின்னால் கசிந்த நீர் ஒரு கறுப்புக் கோடு. அதோடு பார்வை நரம்பின் நிழல் சேர்ந்து, படுத்துக்கிடக்கும் ஆங்கில 'டி'!

"இதான் சார். போஸ்டீரியர் ஸ்க்ளீரைட்டிஸ். கண்ணோட வெள்ளைச் சுவர் பின்பக்கம் வீங்கியிருக்கு."

"விட்டிருந்தா பார்வை போயிருக்குமா?"

"போகலாம்" என்றார், சிரிக்காமல். ஒரு நிமிஷம் எனக்கும் ஜோக் எதுவும் தோன்றவில்லை.

மூட்டுவாதம் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள். இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை தந்தார்கள், அகோரப் பசி. ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். 'டி'யைக் காணோம். கண் சுவர் இளைத்திருந்தது, நான்தான் தடித்திருந்தேன்.

லெட்ஜர் கோடு இப்போது நேர். டோட்டல்தான் இன்னும் டேலி ஆகவில்லை.