அடுத்தாள் எங்கே?

காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால் வானகரம் – அம்பத்தூர் சாலையில், அயனம்பாக்கம் பக்கம் ஐந்து நிமிடம் நின்றால் போதும். நம் தொழிலின் எல்லாப் படிகளும் கண்முன் நகரும். ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போகும் அப்ரண்டிஸ் பையன், மூன்று நான்கு பேராகப் பேசியபடி நடந்து வரும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள், சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிய சூப்பர்வைசர், காருக்குள் யாரிடமோ போனில் சத்தம் போட்டுக்கொண்டு போகும் முதலாளி. இந்த இதழில் நாம் பேச எடுத்துக்கொள்வது அந்தப் போனைத்தான். ஷிஃப்ட் மணி அடிக்கும் முன்பே முதலாளி போனில் இருந்தாக வேண்டும் என்றால், பட்டறைக்குள் முடிவெடுக்க ஆள் இல்லை என்று பொருள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. பாடியிலும் அம்பத்தூரிலும் இருந்த பெரிய ஆலைகளில் வேலை பழகி, வெளியே வந்து, ஒரு லேத், இரண்டு லேத் என்று போட்டு வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். அளவு பார்ப்பது, விலை பேசுவது, வங்கிக்கு நடப்பது, வாடிக்கையாளரின் ஆடிட்டைச் சமாளிப்பது எல்லாமே ஒரே தலை. தொடங்கும் காலத்தில் அதுதான் பலம். இருபது பேர் நூறு பேர் ஆன பிறகும் அதே தலைதான் என்றால், அது பலவீனம்.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயலின் மழை தொடங்கி மறுநாளும் விடாமல் கொட்டியது. பேட்டைக்குள் தண்ணீர் புகுந்து எந்திரங்கள் மூழ்கிய கதையை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்க வேண்டியது ஒரு கேள்விதான். சாலை மூழ்கி, மின்சாரம் போய், போன் கிடைக்காத அந்த நேரத்தில், மெயினை அணை, மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்று என்று தன் பொறுப்பில் சொல்லக்கூடியவர் உங்கள் பட்டறையில் யார்? அப்படிச் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று அவருக்கு முன்கூட்டியே தெரியுமா?

தலைமைப் பண்பு என்றதும் தொலைநோக்கு, துணிச்சல், பேச்சு வன்மை என்று பட்டியல் போடுவது வழக்கம். அவை வேண்டாதவை அல்ல. ஆனால் பட்டறையில் தலைமையை அளக்கும் கோல் வேறு. ஒருவர் இல்லாத நாளில் வேலை எப்படி நடக்கிறது என்பதே அவர் எப்படிப்பட்ட தலைவர் என்பதைக் காட்டும்.

இதை நன்றாக அறிந்திருந்த ஒரு மரபு நம்மிடமே உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவிக் கடை நடத்திய நகரத்தார், சின்ன வயதுப் பையனைப் பெட்டியடியில் உட்காரவைத்தார்கள். பணம் எண்ணுவது, பேரேடு எழுதுவது, கடன் கேட்டு வருபவர் முகத்தைப் படிப்பது எல்லாம் அங்கே பாடம். பெட்டியடிப் பையன் தேறினால் அடுத்தாள். அடுத்தாள் தேறினால் கடையின் பொறுப்பு முழுவதும் ஏற்கும் மேலாள். மேலாளுக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணை. தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடிதம் கடல் தாண்டிப் போய்வர நாளாகும். ஆகவே கடனைக் கொடுப்பதா மறுப்பதா என்பதை மேலாளே தீர்மானிக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் அந்தத் தவணையில் இருக்கிறது. மூன்று ஆண்டில் ஆள் மாறுவார் என்பது உறுதி; அதனால் அடுத்தவரைத் தயார் செய்வது மேலாளின் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமாக இல்லாமல், வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. நம் பட்டறைகளில் முதலாளிக்கும் தவணை இல்லை, இருபது வருட மேனேஜருக்கும் தவணை இல்லை. ஆகவே அடுத்தாளும் இல்லை. அந்த மரபை அப்படியே கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் வேண்டாம். பிள்ளைப் பருவத்தைக் கடைக்குள் கழித்தவர்களின் பாடு பெரிது. ஒரு சமூகத்து ஆண்களுக்கு மட்டுமே கதவு திறந்தது. நமக்கு வேண்டியது அதன் அடுக்கும் தவணையும்தான்.

1900-ல் பர்மாவின் மோல்மீனில் லேவாதேவி தொடங்கிய ஏ.எம். முருகப்ப செட்டியாரின் குடும்பம்தான், 1949-ல் பிரிட்டிஷ் கூட்டாளியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி அம்பத்தூரில் சைக்கிள் செய்ய வந்தது. பெட்டியடியும் தொழிற்சாலையும் வேறு வேறு உலகம் அல்ல என்பதற்கு நம் பக்கத்துச் சாட்சி அது.

இன்னொரு சாட்சி பாடி. 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதலில் பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ரானே பிரேக் லைனிங்ஸ், லூகாஸ் டி.வி.எஸ். என்று இந்த வட்டாரத்தின் பெயர்கள் அந்தப் பட்டியலில் தொடர்ந்தன. தரத்துக்கான பரிசு என்றே நாம் அதைப் பேசுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால், அது முடிவுகளைப் பங்கிடும் முறைக்குக் கிடைத்த பரிசு. அன்றாட மேலாண்மை எனப்படும் அந்த முறையின் சாரம் எளியது: ஒவ்வொரு படிக்கும் தனக்கென்று ஓர் அளவுகோல் உண்டு; அதிலிருந்து விலகினால் அந்தப் படியிலேயே சரிசெய்ய வேண்டும்; முடியாதது மட்டுமே மேலே போகும். மேலே இருப்பவரோ ஆண்டுக்குச் சில இலக்குகளைப் பிடித்துக்கொண்டு அவற்றில் நிற்க வேண்டும். ஆய்வுக்கு வரும் ஜப்பானியர்கள் உயர் நிர்வாகத்தைத் தனியே உட்காரவைத்துக் கேட்பார்கள். ஆலைத் தளத்துக்குப் போய் அங்கே நிற்பவரையும் கேட்பார்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போக வேண்டும். இதை மேடைப்பேச்சால் சாதிக்க முடியாது.

2007-ல் இந்திய – ஜப்பான் ஒத்துழைப்பில் தொடங்கிய உற்பத்தித் துறைத் தலைவர்களுக்கான பயிற்சித் திட்டமும் இதே வழியில்தான் போனது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கெடுத்தது. வழிநடத்திய பேராசிரியர் ஷோஜி ஷிபாவுக்கு 2012-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் சொல்லும் மீன்தொட்டி உவமை நம்மவர் பலருக்குப் பழக்கம். வெளியே நின்று மீன்களை எண்ணுபவருக்கு அவற்றின் பாடு தெரியாது. தொட்டிக்குள் குதித்து அவற்றோடு நீந்த வேண்டும். பிறகு வெளியே வந்து யோசிக்க வேண்டும். நம் முதலாளிகளில் பலர் தொட்டிக்குள்தான் இருக்கிறார்கள். வெளியே வருவதுதான் அவர்களுக்குக் கடினம்.

அப்படியானால் யாரைத் தயார் செய்வது? சிக்கல் சூப்பர்வைசரிடம் தொடங்குகிறது. நல்ல செட்டர் ஒருவரைப் பொறுக்கி, திங்கட்கிழமை முதல் நீதான் சூப்பர்வைசர் என்கிறோம். இரண்டாயிரம் ரூபாய் கூட்டிக் கொடுக்கிறோம். வேறொன்றும் கற்றுக்கொடுப்பதில்லை. அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்கிறார்: ஆபரேட்டரைத் தள்ளிவிட்டுத் தானே எந்திரத்தில் கை வைக்கிறார். நல்ல செட்டரை இழந்தோம், சூப்பர்வைசரும் கிடைக்கவில்லை. பாதிப் பேர் தமிழ் பேசாத ஷிஃப்டில் இது இன்னும் மோசம். தள்ளிவிடப்பட்டவர் காரணத்தைக்கூடக் கேட்க முடியாது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவுக்கும் இதே நெருக்கடி வந்தது. பழகிய ஆட்கள் போருக்குப் போனார்கள். புதியவர்கள் ஆலைக்கு வந்தார்கள். அப்போது சூப்பர்வைசர்களுக்காக உருவான பயிற்சியில் மூன்றே பாடங்கள்: வேலையைக் கற்றுக்கொடுப்பது, வேலை முறையைச் செப்பனிடுவது, ஆட்களோடு பழகுவது. போருக்குப் பின் அமெரிக்கா அதைக் கைவிட்டது, ஜப்பான் பிடித்துக்கொண்டது. கற்றுக்கொடுக்கும் பாடத்துக்கு நான்கு படிகள்: பழகுபவரைத் தயார்செய், சொல்லிச் செய்துகாட்டு, அவரைச் செய்யவிடு, பிறகு தொடர்ந்து கவனி. இவற்றுக்கு ஐந்து நட்சத்திர ஓட்டல் தேவையில்லை. ஓர் எந்திரமும் ஒரு மணி நேரமும் போதும்.

ஆனால் ஒரு செலவு உண்டு. முடிவெடுக்கப் பழகுபவர் சில சமயம் தவறான முடிவு எடுப்பார். ஒரு லாட் ரிஜெக்ஷனில் போகும். அந்த இழப்பைப் பயிற்சிக் கட்டணமாக எழுதிக்கொள்ளும் மனம்தான் முதலாளியின் தலைமைப் பண்பு. எல்லார் முன்னிலும் அவரைத் திட்டித் தீர்த்தால் அந்தப் பட்டறையில் இனி யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். எல்லாரும் போன் எடுப்பார்கள்.

ஆகவே வாசகர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று: ஒவ்வொரு பொறுப்புக்கும் எதிரே அடுத்தாள் பெயரை எழுதுங்கள், பெண் ஆபரேட்டர்கள், வடமாநிலத் தொழிலாளர்கள் பெயர்களையும் சேர்த்தே யோசியுங்கள். இரண்டு: சூப்பர்வைசர் தன்னிச்சையாகத் தீர்மானிக்கக்கூடியவை எவை, எத்தனை ரூபாய் வரை என்று எழுத்தில் கொடுங்கள். மூன்று: ஆண்டுக்குப் பத்து வேலை நாட்கள் முதலாளி பட்டறைக்கு வராமல் இருக்கட்டும், அதுவே நம் காலத்துத் தவணை.

தொடங்குவது எப்படி என்று தெரியாவிட்டால், ஒரு வாரம் உங்களுக்கு வரும் போன்களைக் குறித்து வையுங்கள். யார் கூப்பிட்டார், எதைக் கேட்டார், அதை அவரே முடிவு செய்ய என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று மூன்று பத்திகள். தலைமைப் பயிற்சிக்கு வெளியிலிருந்து பாடத்திட்டம் வாங்க வேண்டியதில்லை. சனிக்கிழமை மாலை அது உங்கள் கையில் இருக்கும்.