செல்லுக்கும் உண்டு மூச்சுக் கணக்கு

2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்திய வீடுகளில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு எண்ணைத்தான். விரல் நுனியில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 97 காட்டினால் நிம்மதி. 90க்குக் கீழே இறங்கினால் சிலிண்டர் தேடி ஓட்டம். அதுவரை ஆஸ்பத்திரிக்குள் மட்டுமே புழங்கிய 'ஆக்ஸிஜன் அளவு' தில்லி முதல் திருநெல்வேலி வரை வீட்டுப் பேச்சாகிவிட்டது.

அந்தச் சிறு கருவி அளந்தது ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனை. ஆனால் எந்தக் கருவியும் இல்லாமலே உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் இதே கணக்கை ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கிறது. அது எப்படி என்பதைக் கண்டுபிடித்த மூன்று பேருக்குத்தான் 2019ம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு. இப்போது அந்தக் கணக்கையே திருத்தும் மாத்திரைகளும் வந்துவிட்டன. விசித்திரம் என்னவென்றால், சிறுநீரக நோயாளிக்கு ஒரு திசையில் திருப்ப வேண்டிய அதே விசையைச் சில புற்றுநோயாளிகளுக்கு நேர் எதிர்த் திசையில் திருப்ப வேண்டியிருக்கிறது.

விஷயத்தைப் புரிந்துகொள்ள லடாக்கிலிருந்து தொடங்கலாம். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒருவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். விமானத்தில் போய் இறங்கியவருக்கு உடனே மூச்சு வேகமாகிறது. கழுத்து ரத்தக்குழாயை ஒட்டி அரிசி அளவே உள்ள ஓர் உறுப்பு ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததை நொடிகளில் உணர்ந்து மூளைக்குச் சொல்லிவிடுவதுதான் காரணம். இந்த வேலையை விளக்கிய பெல்ஜியம் விஞ்ஞானி கார்னே ஹேமன்ஸுக்கு 1938ம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்த அவசரக் கணக்கு எல்லோருக்கும் சரியாக வராது. 1962ல் சீனப் போர் மூண்டபோது சமவெளியிலிருந்த வீரர்கள் அவசர அவசரமாக இமயத்தின் உயரங்களுக்கு அனுப்பப்பட்டனர். பலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. முதலில் நிமோனியா என்று கருதப்பட்ட இதை, இந்தர் சிங் தலைமையிலான ராணுவ டாக்டர்கள் 1965ல் 'லான்செட்' இதழில் விரிவாக விவரித்தனர். 1969ல், 11,000 முதல் 18,000 அடி வரையிலான உயரங்களில் இருந்த 1,925 வீரர்களை ஆராய்ந்து அவர்கள் வெளியிட்ட மலை நோய் அறிக்கை இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.

மலையில் நாள்கள் போகப் போக உடல் வேறொரு காரியமும் செய்கிறது: சிவப்பணுக்களைக் கூட்டுகிறது. பிரெஞ்சு டாக்டர் வியோ, பெரு நாட்டின் மலைச் சுரங்க ஊரொன்றில் தங்கித் தன் ரத்தத்தைத் தானே சோதித்து இதை 1890ல் அறிவித்தார். ஆக்ஸிஜன் சுமக்கும் வண்டிகள் சிவப்பணுக்கள். சரக்கு குறைவாகக் கிடைத்தால் வண்டிகளை அதிகமாக்கிச் சமாளிக்கிறது உடல்.

வண்டிகளுக்கு ஆர்டர் கொடுப்பது சிறுநீரகம். அது சுரக்கும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் எலும்பு மஜ்ஜைக்குப் போய் 'உற்பத்தியைக் கூட்டு' என்கிறது. 1977ல் அமெரிக்க விஞ்ஞானி கோல்ட்வாஸரும் ஜப்பானிய விஞ்ஞானி மியாகேயும், ரத்தசோகை நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து இந்த ஹார்மோனைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தனர். 1989ல் ஊசி மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்து வந்துவிட்டது, ஆனால் ஆக்ஸிஜன் குறைவது சிறுநீரகத்துக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்கு அப்போதும் பதில் இல்லை.

பதில் மூன்று வழிகளில் வந்தது. பால்டிமோரில் மரபணு ஆராய்ச்சியாளரான கிரெக் செமென்ஸா, ஹார்மோனின் மரபணுவை முடுக்கிவிடும் ஒரு புரதத்தைப் பிடித்தார். அதற்கு அவர் வைத்த பெயரின் சுருக்கம் 'ஹிஃப்'. ஆக்ஸ்ஃபோர்டில் சிறுநீரக டாக்டரான பீட்டர் ராட்கிளிஃப், இந்த உணர்வு சிறுநீரகத்தின் தனிச்சொத்து அல்ல, மற்ற உறுப்புகளின் செல்களிலும் உண்டு என்று காட்டினார். பாஸ்டனில் புற்றுநோய் டாக்டரான வில்லியம் கேலின் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தார். வான் ஹிப்பல்-லின்டாவ் என்ற அபூர்வப் பரம்பரை நோயில் கண், மூளை, சிறுநீரகம் என்று பல இடங்களில் ரத்தக்குழாய்கள் மண்டிய கட்டிகள் வளரும். அந்தக் கட்டிகளின் செல்கள், ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கும்போதும் மூச்சு முட்டுவதைப் போலவே நடந்துகொண்டன. மூன்று வழிகளும் 2001ல் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

செல்லுக்குள் நடப்பதைச் சர்க்கார் ஆபீஸாகக் கற்பனை செய்துகொள்ளலாம். 'ஆக்ஸிஜன் இல்லை, அவசர ஏற்பாடு செய்க' என்ற உத்தரவு அங்கே எப்போதும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதுதான் ஹிஃப். எழுதிய சூட்டோடு ஒரு நொதி அதன் மேல் 'ரத்து' முத்திரை குத்திவிடுகிறது. முத்திரையைப் பார்த்ததும் இன்னொரு புரதம் (வான் ஹிப்பல்-லின்டாவ் நோயில் பழுதாகும் அதே புரதம்) உத்தரவைக் கொண்டுபோய்க் கிழித்துப்போட ஏற்பாடு செய்கிறது. சாதாரண நாளில் ஒரு உத்தரவின் ஆயுள் சில நிமிடங்களே.

சூட்சுமம் இதுதான்: முத்திரை குத்தத் தேவையான மை ஆக்ஸிஜன். அது குறைந்தால் முத்திரை விழாது. ரத்தாகாத உத்தரவுகள் குவிந்து செல்லின் உட்கருவுக்குப் போகின்றன. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் முடுக்கப்படுகின்றன. சிவப்பணு உற்பத்தி கூடுகிறது. புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. ஆக்ஸிஜன் இல்லாமலே சர்க்கரையை எரிக்கும் முறைக்குச் செல் மாறுகிறது. ஆக்ஸிஜன் திரும்பியதும் மை ஊறிவிடுகிறது. உத்தரவுகள் மறுபடி ரத்து. எழுதி எழுதிக் கிழிப்பது வீண்வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஆபத்து வரும்போது புதிதாக எழுத உட்காராமல் உடனே செயலில் இறங்க முடிவது இதனால்தான்.

நாள்பட்ட சிறுநீரக நோயில் இந்த ஏற்பாடு தடுமாறுகிறது. ஹார்மோன் சுரக்க வேண்டிய செல்கள் தழும்பேறிப் போகின்றன. ரத்தம் வெளுத்தாலும் ஆர்டர் போவதில்லை. டயாலிசிஸ் கழிவைத்தான் அகற்றும், ஹார்மோன் சுரக்காது. எனவேதான் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பெரும்பாலோருக்குச் சோகை, மூச்சிரைப்பு, நாலு படி ஏறினால் களைப்பு. இதுவரை இதற்கு வழி ஊசி: குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற வேண்டிய ஊசி.

புதிய மாத்திரைகள் செய்வது முத்திரை குத்தும் நொதியைத் தடுப்பது. ஆக்ஸிஜன் இருந்தாலும் இல்லாததுபோல் செல்லை நம்பவைக்கின்றன. நோயாளி இருந்த இடத்திலேயே அவருடைய செல்களை லே நகருக்கு அனுப்பிவைப்பது மாதிரி. மிச்சமிருக்கும் சிறுநீரகச் செல்களும் கல்லீரலும் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகின்றன. இவ்வகையில் முதல் மருந்தான ராக்ஸாடுஸ்டாட்டைச் சீனா 2018ல் அனுமதித்தது. ஆமதாபாத்தின் ஸைடஸ் நிறுவனம் உருவாக்கிய டெஸிடுஸ்டாட் 2022 மார்ச்சில் இந்தியாவில் அனுமதி பெற்றது. ஊசிக்கும் குளிர்பதனத்துக்கும் தொலைவிலுள்ள சிற்றூர் நோயாளிக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் ஹீமோகுளோபின் ஏறுவது நல்லது என்றால் இன்னும் ஏறுவது இன்னும் நல்லதா? ஊசிக் காலத்திலேயே இதற்குப் பதில் கிடைத்துவிட்டது. 2009ல் வெளியான ஆய்வில், நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ள 4,038 பேர் பங்கேற்றனர். ஹீமோகுளோபினை 13 கிராமுக்கு உயர்த்த முயன்ற பிரிவில் பக்கவாதம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. மாத்திரைகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்துகிறது. ரத்தம் உறையும் அபாயம் பற்றிய கவலையால் அமெரிக்க அதிகாரிகள் 2021ல் ராக்ஸாடுஸ்டாட்டுக்கு அனுமதி மறுத்தனர்.

இன்னொரு கவலை புற்றுநோய். வேகமாக வளரும் கட்டிக்கு உள்ளே ரத்தம் போதாது. ரத்தக்குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தூரம்கூடத் தாண்டுவதற்குள் கட்டியின் செல்கள் மடிந்துபோவதை 1955லேயே பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் தாம்லின்ஸனும் கிரேயும் காட்டினர். அந்த எல்லையில் மூச்சுத்திணறும் செல்கள் சாகாமல் பிழைக்க அதே அவசர உத்தரவைப் பயன்படுத்துகின்றன. ரத்தக்குழாய்களைத் தம் பக்கம் இழுக்கின்றன. ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சையின் வீரியமும் குறைகிறது. உடலைக் காப்பாற்ற இருந்த ஏற்பாடு கட்டியைக் காப்பாற்றுகிறது.

சிறுநீரகப் புற்றுநோயின் மிகப் பரவலான வகையில் பெரும்பாலும் உத்தரவைக் கிழிக்க உதவும் புரதமே பழுதாகிக் கிடக்கும். ஆகவே இங்கே மருந்து எதிர்த் திசையில் வேலை செய்கிறது. ஹிஃப் புரதத்தின் ஒரு வகையை முடக்கும் பெல்ஸுடிஃபான், வான் ஹிப்பல்-லின்டாவ் நோய்க்காக 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 61 பேர் பங்கேற்ற ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிறுநீரகக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. அதன் முக்கியப் பக்கவிளைவு? ரத்தசோகை. ஒரு நோயாளிக்குச் சோகையைத் தீர்ப்பதும் இன்னொருவருக்குச் சோகையைக் கொடுப்பதும் ஒரே விசை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

எவ்வளவு திருப்பலாம் என்பதற்கு இயற்கையே ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஆண்டிஸ் மலைவாசிகள் சிலருக்குச் சிவப்பணுக்கள் அளவுமீறிப் பெருகி, ரத்தம் தடித்து, அதுவே நோயாகிவிடுகிறது. திபெத்தியர்களுக்கு அது அபூர்வம். 2010ல் வெளியான ஆய்வுகள் காரணத்தைக் காட்டின: ஹிஃப் புரதத்தின் ஒரு வகைக்கான மரபணு அவர்களிடம் சற்று மாறியிருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மலையில் வாழ்ந்தவர்களின் உடல் கற்றது, ஆக்ஸிஜன் குறைவுக்கு அளவோடு பதில் சொல்வதை.

2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களில் பலருக்குத் தேவை இரும்புச்சத்து. இந்த மாத்திரை அல்ல. இது சிறுநீரக நோயால் வரும் சோகைக்கு மட்டுமே. அங்கும்கூட உடலில் இரும்பு இல்லாமல் ஆர்டரை மட்டும் கூட்டிப் பயனில்லை. எனவே மாத்திரைச் சீட்டை வாங்கும் முன் நோயாளியோ உறவினரோ டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: இரும்பின் இருப்பைச் சோதித்தாயிற்றா? ஹீமோகுளோபினை எந்த அளவோடு நிறுத்தப்போகிறீர்கள்? ஏற்கெனவே ரத்தக்கட்டோ புற்றுநோயோ வந்தவருக்கு இது ஆகுமா?