கண்ணை மூடினால் பாடம் வருமா?

உயர்தரப் பரீட்சை கிட்ட வர வர ரியூசன் வாசல்களிலும் முகநூலிலும் ஒரு வகை விளம்பரம் கூடிக்கொண்டு வரும். ஞாபகசக்தியைப் பெருக்கும் பயிற்சி, ஆழ்மனதைத் தட்டியெழுப்பும் செமினார், ஒரே நாளில் நினைவாற்றல் எண்டு பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். சிலர் ஹிப்னோட்டிசம் எண்டு நேராகவே சொல்வார்கள். சிலர் மனோவசியம், அறிதுயில் எண்டு தமிழில் சொல்வார்கள். பெயர் எதுவானாலும் விற்கிற சரக்கு ஒண்டுதான்: நீங்கள் படிச்சதெல்லாம் உங்கட மூளைக்குள்ள அப்படியே பத்திரமாக இருக்குது, பூட்டிக் கிடக்குது, திறப்பு எங்களிட்ட இருக்குது.

அந்தத் திறப்பு அவர்களிடம் இல்லை என்பது எங்கள் கருத்து. அப்படியொரு பூட்டே இல்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

ஹிப்னோட்டிசம் முழுக்கப் பொய் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. ஆளைத் தூங்க வைத்து ஆட்டிப்படைக்கிற சினிமா வித்தை பொய். ஆனால் கவனத்தை ஒரு புள்ளியில் குவித்து, சொல்லப்படுகிற யோசனையை ஆழமாக ஏற்றுக்கொள்ளுகிற ஒரு நிலை மனிதருக்கு இருக்குது. மயக்கமருந்து நடைமுறைக்கு வருவதற்குச் சற்று முன்னம், 1845 இல், வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற வைத்தியர் ஹிப்னோட்டிசத்தின் மூத்த வடிவமான மெஸ்மரிசத்தைப் பாவித்து நோயாளிகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். இண்டைக்கும் வலியைக் குறைக்கவும் பதற்றத்தைக் குறைக்கவும் பயிற்சி பெற்ற வைத்தியர்களும் உளவியலாளர்களும் இதைப் பாவிக்கிறார்கள். ஆனால் வலியைக் குறைக்கிற ஒண்டு ஞாபகத்தையும் கூட்டும் எண்டு எந்தக் கட்டாயமும் இல்லை.

ஞாபகம் எப்படி வேலை செய்யுது எண்டு பார்த்தால் இது விளங்கும். நாங்கள் கனபேர் நினைக்கிற மாதிரி மூளை ஒரு சீசீரீவி கமரா இல்லை. பார்த்ததையெல்லாம் பதிந்து வைத்து, கேட்கும்போது திருப்பிப் போட்டுக் காட்டுகிற வேலையை அது செய்வதில்லை. ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற துண்டுகளை வைத்து ஞாபகத்தைத் திரும்பக் கட்டுகிறது. இடையில் ஓட்டை இருந்தால் ஊகத்தால் அடைத்துவிடும். அடைத்தது எது, உண்மையாக இருந்தது எது எண்டு எங்களுக்கே தெரியாது.

ஹிப்னோட்டிசம் கை வைக்கிறது இந்த இடத்தில்தான். 1983 இல் கனடாவில் டைவன், பவர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆட்களுக்கு 60 படங்களைக் காட்டினார்கள். ஒரு கிழமையாக நாளாந்தம் ஞாபகப்படுத்தி எழுதச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு பகுதியினரை ஹிப்னோட்டிச நிலைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கேட்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலான புதுப் படங்களைச் சொன்னார்கள்தான். ஆனால் புதிதாக வந்தவற்றில் பெரும்பாலானவை பிழை. காட்டாத படங்களைக் கண்டதாகச் சொல்லியிருந்தார்கள்.

அதே வருடம் மொன்றியலில் லோரன்ஸ், பெரி என்ற இருவர் இதைவிடச் சங்கடமான ஒண்டைக் காட்டினார்கள். ஹிப்னோட்டிசத்துக்கு இலகுவில் ஆட்படக்கூடிய 27 பேரை, முந்தின கிழமையில் ஒரு இரவுக்கு மனதால் திரும்பப் போகச் சொன்னார்கள். அண்டைக்கு ஏதோ சத்தம் கேட்டு நித்திரை குழம்பினதா எண்டு கேட்டு அந்த யோசனையை உள்ளே போட்டார்கள். ஹிப்னோட்டிச நிலையிலிருந்து வெளியே வந்த பிறகும் 13 பேர் அந்தச் சத்தம் உண்மையாகவே கேட்டது எண்டு சொன்னார்கள். அது தாங்கள் போட்ட யோசனைதான் எண்டு விளக்கின பிறகும் சிலர் விடவில்லை.

ஹிப்னோட்டிசத்துக்கு ஆதரவாகக் கதைக்கிறவர்கள் அடிக்கடி இழுக்கிற கதை 1976 இல் கலிபோர்னியாவின் சௌச்சில்லாவில் நடந்தது. ஒரு பாடசாலை பஸ்ஸையும் அதிலிருந்த 26 பிள்ளைகளையும் கடத்திக்கொண்டு போய், ஒரு கல் குவாரியில் மண்ணுக்குள் புதைத்திருந்த லொறிப் பெட்டிக்குள் அடைத்து வைத்தார்கள். சாரதியும் பிள்ளைகளும் தாங்களாகவே தோண்டித் தப்பி வந்தார்கள். பிறகு அந்தச் சாரதி ஹிப்னோட்டிச நிலையில் கடத்தல்காரரின் வாகன இலக்கத்தை ஒரு இலக்கம் தவிர சரியாகச் சொன்னார். உண்மைதான். ஆனால் அது சரியெண்டு எப்படித் தெரிந்தது? பொலிசிடம் ஒப்பிட்டுப் பார்க்க வெளியில் வேறு தடயம் இருந்தது. குவாரி உரிமையாளரின் மகனே கடத்தல்காரரில் ஒருவன். ஒப்பிட ஒண்டும் இல்லாத இடத்தில் சரியும் பிழையும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

அந்த வகையான வழக்குகள் பெருகினபோது பிழைகளும் பெருகின. 1982 இல் அதே கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம், ஹிப்னோட்டிசத்தால் ஞாபகம் தூண்டப்பட்ட சாட்சியின் சாட்சியத்தைப் பொதுவாக ஏற்க முடியாது எண்டு தீர்ப்புச் சொன்னது. 1985 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழுவும், இப்படி வருகிற நினைவுகளுக்குள் கற்பனை கலக்கலாம், அவை சாதாரண நினைவைவிட நம்பகமானவை இல்லை எண்டு அறிக்கை வெளியிட்டது.

ஆகவே எங்கட வாதம் இதுதான். ஹிப்னோட்டிசம் கூட்டுவது ஞாபகத்தை இல்லை, ஞாபகத்தின் மேல் உள்ள நம்பிக்கையை. பரீட்சைக்குப் போற ஒரு பிள்ளைக்கு இது உதவி இல்லை, ஆபத்து. 50 எம்.சீ.கியூ, ஒவ்வொன்றுக்கும் 5 விடை. சந்தேகம் இருக்கிற கேள்விக்கு அடையாளம் போட்டு வைத்துவிட்டுத் திரும்பி வருவீர்கள். பிழையான விடையில் முழு நம்பிக்கை இருந்தால் திரும்பி வரவே மாட்டீர்கள்.

‘எங்கட வகுப்புப் பெடியன் ஒருத்தனுக்கு வேலை செய்ததே’ எண்டு சிலர் கேட்பீர்கள். செய்திருக்கலாம். படித்தது தெரிந்தும் பயத்தில் தலை வெறுமையாகிப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பயம் தணிந்தால் தெரிந்தது வெளியில் வரும். அது அமைதியின் பலன். ஆறுதலாக மூச்சு விட்டு, ரெண்டு நிமிசம் பேனையைக் கீழே வைத்தால் அதில் கனக்க இலவசமாகவே கிடைக்கும். நித்திரையும் சாப்பாடும் கெட்டுப்போகிற அளவுக்குப் பயம் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், இல்லாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள். வெட்கப்பட ஒண்டும் இல்லை.

அப்ப ஞாபகத்துக்கு என்னதான் வழி? 2006 இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு இரண்டு பாடப்பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒண்டைத் திரும்பவும் வாசித்தார்கள். மற்றதை ஒருதரம் வாசித்துவிட்டு, பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிசத்தில் சோதித்தால் திரும்ப வாசித்ததுதான் முன்னுக்கு. ஒரு கிழமை கழித்துச் சோதித்தால், திரும்ப வாசித்ததில் மிஞ்சியது 42 வீதம், எழுதிப் பார்த்ததில் 56 வீதம். இன்னொரு சுற்றில் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் தங்களுக்குக் கூட ஞாபகம் இருக்கும் எண்டு நம்பினார்கள். நடந்தது மறுவளம். இங்கேயும் நம்பிக்கை ஒரு பக்கம், ஞாபகம் இன்னொரு பக்கம்.

நோட்ஸை மூடி வைத்துவிட்டு வெறும் தாளில் எழுதிப் பார்க்கிறது, பாஸ்ட் பேப்பர் செய்து ஸ்கீமோடு ஒப்பிடுகிறது, கம்பஸில் ‘குப்பி’ எண்டு சொல்லுற மாதிரிக் கூட்டாளிக்குச் சொல்லிக் குடுக்கிறது, இண்டைக்குப் படிச்சதை மூண்டு நாள் விட்டுத் திரும்ப எடுக்கிறது, இரவு ஒழுங்காக நித்திரை கொள்ளுறது. இதுகளில் புதுமை ஒண்டும் இல்லை. போஸ்டர் அடிக்கவும் ஏலாது. செய்யும்போது கஷ்டமாகவும் இருக்கும், ஏனெண்டால் தெரியாதது எது எண்டு முகத்துக்கு நேரே காட்டும். அந்தக் கஷ்டம்தான் படிப்பு.

காசு வீணாகிறதைவிட எங்களைக் கோபப்படுத்துகிற விசயம் வேறு. பிள்ளைக்குப் பலன் கிடைக்காவிட்டால், ‘நீ முழு மனதோட ஒத்துழைக்கேல்லை’ எண்டு பழி பிள்ளையின் தலையில் விழும். உண்மையில் ஹிப்னோட்டிசத்துக்கு ஆட்படும் தன்மை ஆளுக்காள் வேறுபடும், சிலர் லேசில் ஆட்படவே மாட்டார்கள். மண்டபம் நிறைய ஆட்களை இருத்தி எல்லாருக்கும் ஒரே பலன் எண்டு சொல்லுகிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. ஏற்கெனவே இசட் ஸ்கோருக்குப் பயந்து போயிருக்கிற பிள்ளையிடம், பாடம் வராதது உன்ர ஆழ்மனதின் குறை எண்டு சொல்லிக் காசு வாங்குவது அநியாயம்.

அடுத்த முறை யாராவது அந்த நோட்டீஸை நீட்டினால் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பயிற்சிக்குப் பிறகு எனக்கு வருகிற விடை சரியா பிழையா எண்டு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பதில் வந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள். வராவிட்டால் அந்தக் காசுக்கு ஒரு பாஸ்ட் பேப்பர் புத்தகம் வாங்குங்கள்.