நட்சத்திரத்தைக் கிழித்த கருந்துளை!

வானத்தில் ஒரு நட்சத்திரம் நார் நாராகக் கிழிந்தது. கிழித்தது ஒரு கருந்துளை. அதன் பிறகு நடந்ததைப் பார்த்த கண்களில் ஒன்று, இந்தியாவின் செயற்கைக்கோள்!

கருந்துளை என்றால் ஓட்டை அல்ல. ஏராளமான பொருள் மிகச் சிறிய இடத்தில் நெருங்கிக் கிடப்பதே கருந்துளை. அதன் இழுப்புக்கு வெளிச்சமும் தப்பாது.

எப்படிக் கிழிகிறது?

கடல் தினமும் ஏறி இறங்குகிறது அல்லவா? அதற்கு முக்கிய காரணம் சந்திரன். அது பூமியின் அருகுப் பக்கத்தை அதிகமாகவும், மறுபக்கத்தைக் குறைவாகவும் இழுக்கிறது. கருந்துளைக்கு அருகில் இந்த வித்தியாசம் பயங்கரமானது. நெருங்கி வந்த நட்சத்திரம் கயிறு போல் நீண்டு, பிய்ந்து போகிறது. பாதி வெளியே வீசப்படுகிறது. மீதி கருந்துளையைச் சுற்றித் தட்டுப் போல் சுழல்கிறது.

48 மணிக்கு ஒரு வெடிப்பு!

21 கோடி ஒளி ஆண்டு தூரத்தில் நடந்த இத்தகைய சம்பவம் 2019-ல் தெரிந்தது. ஓர் ஒளி ஆண்டு என்பது சுமார் 6 லட்சம் கோடி மைல். சில ஆண்டுகள் கழித்து, அங்கிருந்து சுமார் 48 மணிக்கு ஒரு முறை எக்ஸ்-ரே கதிர்கள் சீறி வந்தன. வேறொரு பொருள் அந்தத் தட்டைத் துளைத்துத் துளைத்துச் செல்வதே காரணம் என்று விஞ்ஞானிகள் 2024 அக்டோபரில் அறிவித்தார்கள்.

வானிலிருந்து வரும் எக்ஸ்-ரே கதிர்களைக் காற்று மண்டலம் தடுத்துவிடும். ஆகவே செயற்கைக்கோள் தேவை. இதைக் கண்டவற்றில் ஒன்று நமது 'அஸ்ட்ரோசாட்'. 2015 செப்டம்பர் 28-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. 5 ஆண்டு உழைத்தால் போதும் என்று அனுப்பினார்கள். 2024-லும் உழைத்தது!

அதில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்குவதில் முன்னின்ற நிறுவனம், நம் திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்தை நடத்தும் நிறுவனமே.

கேலிக்குக் கிடைத்த பதில்

இன்னொரு கண், அமெரிக்காவின் 'சந்திரா' தொலைநோக்கி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக வைத்த பெயர் அது. எரிந்து ஓய்ந்த நட்சத்திரம் ஓர் அளவுக்கு மேல் கனமாக இருந்தால், தன் எடையைத் தானே தாங்காது என்று இளம் வயதிலேயே கணக்கிட்டார். 1935-ல் லண்டன் சபையில் புகழ்பெற்ற விஞ்ஞானி எடிங்டன் அதைக் கேலி செய்தார். ஆனால் கணக்கு பொய்க்கவில்லை. 1983-ல் நோபல் பரிசு வந்தது.

நம் சூரியனுக்கு ஆபத்து உண்டா? இல்லை. நம் பால்வீதியின் நடுவிலும் பெரிய கருந்துளை இருக்கிறது. ஆனால் அது சுமார் 26,000 ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கிறது. சிறுமலை மீது நின்று இரவு வானத்தை அச்சமின்றிப் பார்க்கலாம்!