மிஸ் என்று சொல்லும் முன்

திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு ஸ்னூக்கரைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ரயில்வேயில் இருந்த காலத்தில், நான் வேலை பார்த்த ஓர் ஊரின் இன்ஸ்டிடியூட்டில் பச்சைத்துணி கிழிந்த பழைய மேசை ஒன்று கிடந்தது. நான் ஆடியதைவிட ஓரமாக நின்று புள்ளி எழுதியதுதான் அதிகம். அந்தப் பழக்கம், இன்றும் டிவியில் ஸ்னூக்கர் வந்தால் ரிமோட்டை யாரிடமும் கொடுப்பதில்லை.

இது நமக்கு அந்நிய ஆட்டமும் அல்ல. 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்தது (பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரானவர் வேறு சேம்பர்லின்). 1882-ல் அதன் விதிகளை எழுதி மாட்டியது நம் ஊட்டி கிளப்பில். போன வருஷம், 2025 நவம்பரில், சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் உலகப் பட்டம் வென்றார். இனி நம் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் பலர் க்யூவைக் கையில் எடுப்பார்கள். அதனால்தான் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஸ்னூக்கரில் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டிய பந்தைத் தொடாவிட்டால் பவுல். எதிராளிக்குக் குறைந்தது 4 புள்ளி, அதிகபட்சம் 7. இதோடு நின்றிருந்தால் வம்பில்லை. ஆனால் கெட்டிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். சிவப்புக் கூட்டத்தில் இடித்தால் பந்துகள் சிதறும், எதிராளி அறுபது எழுபது எடுத்துவிடுவான். மெதுவாகத் தட்டிக் கூட்டத்துக்கு ஒரு ஜாண் முன்னால் வெள்ளையை நிறுத்திவிட்டால் போவது வெறும் நாலு. லாபம்தானே? இந்த வியாபாரத்தை மூடத்தான் 'பவுல் அண்ட் எ மிஸ்' வந்தது. ஆடியவர் முயற்சி செய்யவில்லை என்று நடுவருக்குப் பட்டால் 'மிஸ்' என்றும் சேர்த்துச் சொல்வார். உடனே எதிராளி, "பந்துகளைப் பழைய இடத்திலேயே வையுங்கள், அவர் மறுபடி ஆடட்டும்" என்று கேட்கலாம். ஒவ்வொரு தடவை தவறும்போதும் புள்ளி போய்க்கொண்டே இருக்கும். ஆட வேண்டிய பந்து மறைவில்லாமல் கண்ணெதிரே இருந்தும் தொடர்ந்து மூன்று முறை தவறவிட்டால், அந்த ஃப்ரேமே கை நழுவிவிடும். இரண்டாம் தடவை நடுவர் எச்சரிப்பார்.

நல்ல விதி. அதை எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை.

என் ஆதங்கம் அதைச் சொல்லும் விதத்தில். எனக்குத் தூரத்து உறவில் ஒரு பையன், கல்லூரியில் படிக்கிறான். சனிக்கிழமைதோறும் இங்கிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் ஆடுவான். அவன் கலந்துகொண்ட முதல் போட்டியில் பழுப்புக்குப் பின்னால் வெள்ளை மாட்டிக்கொண்டது. இரண்டு குஷனில் அடித்து வந்துதான் சிவப்பைத் தொட முடியும். முதல் தடவை மூன்று விரல்கடை தவறியது. மிஸ். அடுத்தது இன்னும் நெருக்கத்தில் போனது. மிஸ். இப்படி ஆறு தடவை, 24 புள்ளி. முகம் செத்துப்போய் வந்து, "தாத்தா, நான் வேணும்னு பண்ணலையே!" என்றான்.

விதியில் உள்ள வார்த்தை என்ன? ஆடுபவர் தன் திறமைக்கு எட்டிய மட்டும் முயல வேண்டும் என்பதே. அதாவது அவருடைய திறமை. ரோனி ஓ'சல்லிவனுடையது அல்ல. டிவியில் வரும் ஆட்டக்காரர்கள் இரண்டு குஷன் என்ன, நாலு குஷன் சுற்றிவந்தும் தொட்டுவிடுவார்கள். ஆகவே அங்கே தவறினால் ஏறக்குறைய எப்போதும் மிஸ்தான். அதைப் பார்த்துப் பார்த்து, சின்ன மேசைகளிலும் பவுல் என்று வாய் திறந்தாலே மிஸ்ஸும் சேர்ந்து வந்துவிடுகிறது. நம் மலைக்கு 365 படி. பேரன் ஒரே மூச்சில் ஏறுகிறான், நான் நாலு இடத்தில் உட்கார்ந்து ஏறுகிறேன். நான் முயலவே இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேனா?

"நடுவர் என்ன மனசுக்குள்ளே புகுந்தா பார்ப்பார்?" என்று ஒரு நண்பர் கேட்டார். புக வேண்டாம். கிரிக்கெட்டில் லெக்-பை கொடுக்கும் முன், பேட்ஸ்மேன் பந்தை ஆடவோ ஒதுங்கவோ முயன்றாரா என்று அம்பயர் பார்ப்பதில்லையா? ஸ்டம்புக்கு வெளியே காலை மட்டும் நீட்டினால் எல்.பி.டபிள்யூவுக்கும் அதே கேள்விதான். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அடையாளம் இருக்கிறது. வெள்ளை வேகம் போதாமல் வழியிலேயே நின்றதா? தயங்காமல் மிஸ் சொல்லுங்கள். எவனும் செய்யக்கூடிய நேர்வழி இருக்க, பத்திரமாக முடியும் சுற்றுவழியை எடுத்தானா? அதுவும் மிஸ். ஆனால் கடினமான கோணம், போதிய வேகம், மயிரிழையில் தவறல் என்றால், புதுப் பையன் விஷயத்தில் பவுல் மட்டும் போதும். நாலு புள்ளி போயிற்று, தண்டனை ஆயிற்று.

இன்னொன்று. டிவியில் பந்துகளைப் பழைய இடத்தில் வைக்க, திரையில் பழைய படத்தை மேலே போட்டுச் சரிபார்க்கிறார்கள். சின்ன மேசையில் ஏது கேமரா? நடுவரின் ஞாபகம்தான். இரண்டு ஆட்டக்காரரையும் கேட்டுவிட்டு அவர் வைப்பதே முடிவு. ஆறு தடவை எடுத்து வைத்தால் ஆறாவது தடவை பந்து அதே இடத்திலா இருக்கும்? அரை விரல் தள்ளினாலும் கோணம் வேறு. பையன் அடித்த ஆறாவது அடி, முதலில் மாட்டிய அதே சிக்கலா என்பதே சந்தேகம்.

நடுவர் கவனிக்கத் தவறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. நம் கிராமத்துப் பஞ்சாயத்து மாதிரி! அவ்வளவு தாராளம் உள்ள விதிப்புத்தகத்தை, பவுலுக்குப் பவுல் மிஸ் என்று ஒப்பிப்பவர்கள் முழுதாக ஒரு தடவை படித்திருப்பார்களா தெரியவில்லை. பையன் படித்துவிட்டான். பிரதி எடுத்துப் பையிலேயே வைத்திருக்கிறான். அடுத்த போட்டிக்கு நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.