கடனை நிறுத்தினால் ஃபீஸ் குறையுமா?

அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1965-ல் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டது வெள்ளை மாளிகையில் இல்லை. டெக்சாஸில் சான் மார்க்கோஸ் என்ற ஊருக்கு, தான் படித்த கல்லூரிக்கே போய்ப் போட்டார். மனிதர் அங்கே துப்புரவு வேலை கூடப் பார்த்துக்கொண்டு படித்தவர். குடும்பத்தில் காசில்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்த மாணவனையும் எந்தக் கல்லூரியும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் அன்றைய பேச்சின் சாரம்.

அமெரிக்க மாணவர்கள் மத்திய அரசிடம் வாங்கும் கடனுக்கும் உதவித்தொகைக்கும் அடிப்படை அந்தச் சட்டம்தான். கிட்டத்தட்ட 60 வருஷம் கழித்து, 2025 ஜூலை 4-ம் தேதி டிரம்ப் கையெழுத்துப் போட்ட ‘ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்’ அதில் பாதியை மாற்றி எழுதிவிட்டது. வரிச் சலுகை பற்றிய சண்டையில் இந்தப் பகுதியை நிறைய பேர் கவனிக்கவே இல்லை.

‘கிராட் பிளஸ்’ என்று ஒரு கடன். 2006-ல் வந்தது. முதுகலையோ மருத்துவமோ சட்டமோ படிப்பவர்கள், கல்லூரி எவ்வளவு செலவாகும் என்று சொல்கிறதோ அந்த முழுத் தொகை வரை அரசிடம் கடனாக வாங்கலாம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அது இல்லை. முதுகலைக்கு வருஷம் 20,500 டாலர், மொத்தம் 1 லட்சம். டாக்டர், வக்கீல் மாதிரியான தொழிற்படிப்புக்கு வருஷம் 50,000, மொத்தம் 2 லட்சம். பிள்ளைக்காகப் பெற்றோர் வாங்கும் கடனுக்கும் ஒரு பிள்ளைக்கு 65,000 என்று கோடு போட்டாகிவிட்டது.

(இந்தியாவிலிருந்து எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள் பதற வேண்டாம். மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு இந்தக் கடன் முன்பும் கிடையாது, இப்போதும் கிடையாது. அவர்களுக்கு உள்ளூர் பேங்க் வாசல்தான். அங்கேயே செட்டில் ஆன குடும்பத்துப் பிள்ளைகள் கதை வேறு. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் இது அவர்கள் வீட்டுப் பிரச்சனையும்தான்.)

வரம்பு போட்டதற்குச் சொல்லப்படும் காரணம் பழையது. ரீகன் ஆட்சியில் கல்வி அமைச்சராக இருந்த வில்லியம் பென்னட் 1987-லேயே எழுதினார்: அரசு உதவியை ஏற்ற ஏற்ற, அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு கல்லூரிகள் ஃபீஸை ஏற்றுகின்றன என்று. முழுக்கத் தப்பு என்று தள்ளிவிட முடியாது. கேட்டதெல்லாம் கடனாகக் கிடைக்கிற சந்தையில் விலை ஏறும் என்பது காமர்ஸ் முதல் வருஷப் பாடம். சில முதுகலைப் படிப்புகள் வாங்கும் ஃபீஸுக்கும் அதைப் படித்தவருக்குக் கிடைக்கும் சம்பளத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் உண்மைதான்.

ஆனால் இளங்கலைப் பக்கம் வந்தால் கணக்கு இடிக்கிறது. பெற்றோர் ஆதரவில் இருக்கும் மாணவன் முதல் வருஷம் 5,500 டாலருக்கு மேல் வாங்க முடியாது. பட்டம் முடிக்கும் வரை மொத்தமே 31,000. இந்த வரம்பு 2008-க்குப் பிறகு ஒரு டாலர் கூட ஏறவில்லை. ஃபீஸ் மட்டும் நின்றதா என்ன? 2008 நெருக்கடிக்குப் பிறகு பல மாநில அரசுகள் தங்கள் கல்லூரிகளுக்குக் கொடுத்த பணத்தைக் குறைத்தன. அந்த ஓட்டையை மாணவர் ஃபீஸ் அடைத்தது. மாணவன் வாங்கும் கடனில் கை வைத்தால் இந்தக் காரணம் எப்படி மறையும்?

உண்மையில் பேச வேண்டியது பெல் கிராண்ட் பற்றி. 1972-ல் தொடங்கி, ரோட் ஐலண்ட் செனட்டர் கிளெய்போர்ன் பெல் பெயரைத் தாங்கி நிற்கும் உதவித்தொகை. திருப்பிக் கட்ட வேண்டாத பணம். எழுபதுகளில் அரசுக் கல்லூரியில் தங்கிப் படிக்கும் செலவில் சுமார் முக்கால் பங்கை அது தாங்கியது. இப்போது மூன்றில் ஒரு பங்கு கூடத் தேறுவதில்லை. 2023-24-ல் அதிகபட்சம் 7,395 டாலர். 2024-25-லும் அதே. 2025-26-லும் அதே. வீட்டு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அப்படியே நின்றுவிடவில்லையே!

புதிய சட்டம் பெல் நிதியின் பற்றாக்குறையை அடைக்க 1,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியிருக்கிறது, 8 முதல் 15 வாரக் குறுகிய தொழிற்பயிற்சிகளுக்கும் கிராண்டை நீட்டியிருக்கிறது. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான்கு வருஷப் படிப்புக்கு வரும் ஏழை மாணவனின் கிராண்ட் ஏறவில்லை. கடனைக் குறைக்கிறவர்கள் கிராண்டை ஏற்றியிருந்தால் அது சீர்திருத்தம். ஒன்றை மட்டும் செய்தால் செலவை மாணவன் தலைக்குத் தள்ளிவிடுவது, அவ்வளவே.

மீதிப் பணத்துக்கு எங்கே போவது? தனியார் பேங்க். அங்கே ஜாமீன் கையெழுத்து கேட்பார்கள். சொத்தும் நல்ல கிரெடிட் ஸ்கோரும் உள்ள அப்பா இருந்தால் வட்டி குறையும், இல்லாவிட்டால் ஏறும், அல்லது கடனே கிடைக்காது. அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. 2005-ல் வந்த திவால் சட்டத் திருத்தத்தின்படி தனியார் கல்விக் கடனும் சாதாரணமாகத் திவாலில் தள்ளுபடி ஆகாது. கிரெடிட் கார்டில் சூதாடித் தோற்றவருக்குக் கிடைக்கும் மன்னிப்பு, படிக்கக் கடன் வாங்கியவருக்குச் சுலபத்தில் கிடைக்காது.

எது தொழிற்படிப்பு என்ற சண்டை தனி. 2025 நவம்பரில் கல்வித் துறையின் விதிக் குழு ஒப்புக்கொண்ட பட்டியலில் மருத்துவம், சட்டம், பல் மருத்துவம், இறையியல் எல்லாம் இருந்தன. நர்ஸிங் இல்லை. பாதிரியார் படிப்புக்கு 2 லட்சம், நர்ஸ் மேற்படிப்புக்கு 1 லட்சம். நர்ஸ் சங்கங்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை.

கடைசியாக, திருப்பிக் கட்டுவது. 2026 ஜூலை முதல் ‘ராப்’ என்று ஒரு திட்டம். வருமானத்துக்கு ஏற்ப 1 முதல் 10 சதவீதம். தவணை ஒழுங்காகக் கட்டினால், அந்த மாதம் கட்டியது போக மிஞ்சும் வட்டி தள்ளுபடி. வட்டி குட்டி போட்டுக் கடன் வளர்ந்துகொண்டே போகும் பழைய அவலம் இதில் இல்லை. இதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பழைய வருமானத் திட்டங்களில் சம்பாத்தியமே இல்லாதவர் கட்ட வேண்டியது பூஜ்யம். இதில் அவரும் மாதம் 10 டாலர் கட்ட வேண்டும்.

சதவீதம் போடும் விதமோ சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வருமான வரி மாதிரி மேலே உள்ள தொகைக்கு மட்டும் போடுவதில்லை, மொத்த வருமானத்துக்கும் போடுகிறார்கள். வருஷம் 40,000 டாலர் வரை 3 சதவீதம், அதாவது 1,200. வருமானம் 40,001 ஆனால் 4 சதவீதம், அதாவது 1,600. ஒரு டாலர் இன்க்ரிமென்ட், 400 டாலர் செலவு! விலைவாசிக்கு ஏற்ப இந்தப் படிகளை நகர்த்தும் ஏற்பாடும் இல்லை. வருஷா வருஷம் சம்பளம் பெயருக்கு ஏற ஏற, எல்லோரும் அடுத்த படிக்குத் தள்ளப்படுவார்கள்.

பழைய திட்டங்களில் 20 அல்லது 25 வருஷத்தில் மீதி தள்ளுபடி. இதில் 30 வருஷம். 22 வயதில் கட்ட ஆரம்பிப்பவருக்கு 52 வயதில் முடியும். அதற்குள் அவர் பிள்ளை கல்லூரிக்குப் போகும். அப்போது அதற்காக அவர் வாங்கும் பெற்றோர் கடனுக்கு இந்த ‘ராப்’ கூடக் கிடையாது. வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதாமாதம் ஒரே தவணைதான்.